லிட்டருக்கு இருபத்தேழு

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை மாலை 5.40 மணிக்கு, நகரின் கிழக்கு வெளிவட்டச் சாலையிலுள்ள கார் சர்வீஸ் நிலையத்தின் ஒப்படைப்புச் சீட்டில், வெள்ளை நிற ஹைபிரிட் கார் ஒன்று அதுவரை ஓடிய தூரம் 41,206 கிலோமீட்டர் என்று எழுதப்பட்டது. மறுநாள் மாலை 6.50 மணிக்கு, ஆற்றோர அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் அதே காரைப் பார்த்த போலீஸ்காரர் 41,450 என்று குறித்துக்கொண்டார். அந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில், அதே குடியிருப்பின் மூன்றாவது மாடியில், காரின் சொந்தக்காரருடைய மனைவி சமையலறைத் தரையில் கொல்லப்பட்டாள்.

ஏழு நாள் கழித்து, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, இறந்தவளின் தந்தை சர்வேயரம்மாவின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசை மேலிருந்த கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன.

சர்வேயரம்மா இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய கார்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிட்டவர். இல்லாத சேதத்தை எழுதச் சொன்ன ஒரு மேலாளரோடு சண்டை போட்டு வெளியே வந்து, துப்பறியும் தொழிலில் உட்கார்ந்தார். அனுதாபம் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. உதவியாளன் பழைய டாக்ஸி டிரைவர். யார் என்ன சொன்னாலும் நடுவில் 'ச்சு' கொட்டுவதால் பல்லி. அவனே அந்தப் பெயருக்குப் பழகிப்போய், போனை எடுத்தால் "பல்லி பேசறேன்" என்பான்.

வந்தவருக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். டிப்போவில் எல்லாரும் டிரைவரய்யா என்று கூப்பிடுவார்களாம். நாற்காலியில் முதுகு சாயாமல், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, சாலையைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். மகளின் வீட்டுச் சமையலறையில் குழாய் ஒழுகியது. செவ்வாய்க்கிழமை வந்த குழாய்க்காரர் வேலையைப் பாதியில் விட்டு, தன் பெரிய ரெஞ்சைத் தொட்டிக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போனார். புதன்கிழமை பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் அந்த ரெஞ்சால்தான் மகளின் மண்டையில் மூன்று அடி. அந்த நேரத்தில் மாடி ஏறி இறங்கியது குழாய்க்காரர்தான். காவலாளி பார்த்திருக்கிறார். போலீஸ் அன்றைக்கே பிடித்துவிட்டது. ஆனால் அரசு வக்கீல், சாட்சி பலமில்லை, திங்கட்கிழமை ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார்.

"என் பொண்ணைக் கொன்னவன் வெளியில நடமாடக் கூடாதும்மா" என்றார். "எனக்கு அது ஒண்ணுதான் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அந்த ஆளைப் பார்த்தீங்களா?"

"ஸ்டேஷன்ல பார்த்தேன். நாலு அறை விட்டேன். இன்ஸ்பெக்டர் தடுக்கல."

"அவர் என்ன செஞ்சார்?"

"கையைத் தூக்கிக் கும்பிட்டான். ரெண்டு விரல் வீங்கியிருந்துச்சு. போலீஸ் அடிச்சதுல ஒடிஞ்சுதாம்."

பல்லி 'ச்சு' கொட்டினான். அது யாருக்காக என்று தெரியவில்லை.

மகளும் மருமகனும் எப்படி இருந்தார்கள் என்று சர்வேயரம்மா கேட்டார். எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரிதான் என்றார் பெரியவர். மகள் இரண்டு தடவை ஆறு வயதுப் பேத்தியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இனிமேல் போகமாட்டேன் என்றிருக்கிறாள். இரண்டு தடவையும் இவரே பேசிச் சமாதானப்படுத்திக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"மாப்பிள்ளை நல்ல மனுஷன். எனக்கு மகன் மாதிரி. இந்த ஒரு வாரமா போலீஸ், கோர்ட்டுன்னு அலையறீங்களேன்னு காரையே எங்கிட்ட கொடுத்துட்டாரு."

சர்வேயரம்மா தன் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பெரியவர் அதை வாங்கி நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி நீளவாக்கில் ஒரு மடிப்பு என்று பட்டையாக்கி, இடது கை வாட்ச் பட்டைக்குக் கீழே செருகிக்கொண்டார். பிறகு, பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி இன்ஸ்பெக்டர் கொடுத்திருந்த போலீஸ் கோப்பை மேசையில் வைத்தார்.

கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. முதலில் குழாய்க்காரரின் வாக்குமூலம். பதினொன்று இருபதுக்கு மணி அடித்தேன், கதவு திறக்கவில்லை, உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் 'நாளைக்கு வா' என்றது, திரும்பிவிட்டேன் என்று சொல்லியிருந்தார். ஓரத்தில் இன்ஸ்பெக்டர் சிவப்பு மையில் 'பொய்' என்று எழுதியிருந்தார். ஏனென்றால் அந்த வீட்டிலிருந்த ஒரே ஆண் அப்போது ஊரிலேயே இல்லை. மருமகன் அன்று காலை எட்டு மணிக்கே கிளம்பி, நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மனையைப் பார்க்கத் தனியாகப் போயிருந்தார். பழைய சாலை வழியாகப் போனதால் சுங்கச்சாவடி இல்லை. செல்போனை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டார். மாலை ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோதுதான் பிணத்தைப் பார்த்தார்.

அதற்கு இன்ஸ்பெக்டர் காட்டிய ஆதாரம் மூன்று காகிதம். முதலாவது, சர்வீஸ் நிலையத்தின் சீட்டு. இரண்டாவது, செவ்வாய்க்கிழமை மாலை பக்கத்து பங்க்கில் டேங்க் நிரப்பிய ரசீது. மூன்றாவது, புதன்கிழமை மாலை 4.50-க்கு ஊர் எல்லை பங்க்கில் மறுபடி டேங்க் நிரப்பிய ரசீது: ஒன்பது லிட்டர். பங்க் கேமராப் படம் மூன்று நாளில் தானாக அழிந்துவிடும். போலீஸ் நான்காம் நாள் போய்க் கேட்டது.

சர்வேயரம்மா ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பல்லியிடம் நீட்டினார். "சத்தமா படி."

"'244 கிலோமீட்டர் தூரத்துக்கு 9 லிட்டர் மட்டுமே செலவாகியிருப்பதால், வாகனம் நெரிசலற்ற நெடுஞ்சாலையில் சென்றது உறுதியாகிறது.'" படித்து முடித்ததும் பல்லி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கத்தில் விடை இருக்கும்போல. "லிட்டருக்கு இருபத்தேழு. இன்ஸ்பெக்டருக்குக் கார் ஓட்டத் தெரியும் மேடம். ஆனா அவங்க அப்பா காலத்துக் கார்."

"ஏன்?"

"சாதா கார் ஊருக்குள்ள பெட்ரோலைக் குடிக்கும், நெடுஞ்சாலையில சிக்கனமா போகும். ஹைபிரிட் அதுக்கு நேர் எதிர். ஊருக்குள்ள மெதுவா போனா பேட்டரியிலயே ஓடும். காலை எடுத்தா, பிரேக் அமுக்கினா, பேட்டரி தானா ஏறும். இன்ஜின் பாதி நேரம் தூங்கும். நெடுஞ்சாலையில நூறுல விரட்டினா இன்ஜின் தூங்கவே முடியாது. நம்ம வீட்டு மாப்பிள்ளைங்க மாதிரி. ஊருக்குள்ள சாது, வெளியில போனா ஊதாரி."

சர்வேயரம்மா சர்வீஸ் நிலையத்தின் சீட்டை எடுத்தார். வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் 'மைலேஜ் குறைவு. கம்பெனி சொன்னது 24, கிடைப்பது 18' என்று இருந்தது. கீழே மெக்கானிக்கின் குறிப்பு: 'பழுது எதுவும் இல்லை. வேகமாக ஓட்டுவதால்.'

"விளம்பரத்துல சொல்ற மைலேஜும் பொண்ணு பார்க்க வரும்போது சொல்ற சம்பளமும் ஒண்ணு மேடம்" என்றான் பல்லி. "ரெண்டுலயும் நாலுல ஒரு பங்கைக் கழிச்சுத்தான் நம்பணும். இருபத்திநாலுல கழிச்சா பதினெட்டு. சரியாத்தான் கிடைச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் பதினெட்டு கொடுத்த காலு, பொண்டாட்டி செத்த அன்னைக்கு மட்டும் எப்படி இருபத்தேழு கொடுத்துச்சு?"

டம்ளர்கள் கிணுகிணுத்து நின்றன. பெரியவர் சுவரைப் பார்ப்பதை விட்டு, முதல் தடவையாகச் சர்வேயரம்மாவைப் பார்த்தார்.

"கார் எதுக்கும்மா? குழாய்க்காரனைப் பத்திக் கேளுங்க."

"கார் கீழேதானே நிக்குது?" என்று கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார் சர்வேயரம்மா. "ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்."

பல்லி ஓட்ட, சர்வேயரம்மா பக்கத்தில் உட்கார, பெரியவர் பின்னால் ஏறிக்கொண்டார். திரையில் சராசரிக் கணக்கை அழித்துவிட்டு, பழைய சாலையில் இருபது கிலோமீட்டர் வெளியே போய் இருபது கிலோமீட்டர் திரும்பினார்கள். மருமகன் எப்படி ஓட்டுவாரோ அப்படியே ஓட்டச் சொல்லியிருந்தார் சர்வேயரம்மா: ஏ.சி. முழுசாக, வேகம் நூறுக்குக் குறையாமல். ஊர் எல்லைக்கு வந்தபோது திரையில் 18.3 என்று இருந்தது.

இப்போது இதே சாலையில் அறுபதைத் தாண்டாமல், ஏ.சி. இல்லாமல் போ என்றார். மறுபடியும் இருபது போய் இருபது வந்தார்கள். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தே கடந்தன. ஒரு லாரிக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பல்லிக்குக் கண் தெரிகிறதா என்று விசாரித்தார். எண் 22.6 வரை போய் நின்றது.

"ரெண்டாவது மாதிரி போனா, போக வரவே நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும், நூறுல போறவர் அப்படிப் போகமாட்டார்" என்றார் சர்வேயரம்மா. "அப்படிப் போயும் இருபத்தேழு வரல. ஊருக்குள்ள போ."

ஊருக்குள் பகல் நெரிசல். பல்லி தன் வித்தைகள் எல்லாவற்றையும் காட்டினான். வேகத்தடை வருவதற்கு முன்பே காலை எடுத்தான். இறக்கத்தில் உருள விட்டான். பேட்டரியில் ஓடும்போது எரியும் பச்சை விளக்கு அடிக்கடி எரிந்தது, அடிக்கடி அணைந்தது. பின்னாலிருந்த பெரியவர் ரொம்ப நேரம் சும்மாதான் இருந்தார். ஆனால் அவருடைய வலது பாதம் சும்மா இல்லை. பல்லி பிரேக் அமுக்குவதற்கு இரண்டு நொடி முன்பே அது தரையில் மெல்ல அழுந்தியது. சர்வேயரம்மா பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவது சிக்னலில் பெரியவருக்குத் தாங்கவில்லை. "தம்பி, முன்னாடி சிவப்பு விழப்போகுது. இப்பவே காலை எடுங்க. பச்சை விளக்கை அணைய விடாம கொண்டுபோய் நிறுத்தணும். கால் கீழ முட்டை இருக்கிற மாதிரி நினைச்சுக்கங்க."

"என் கால் பத்து வருஷம் டாக்ஸி ஓட்டின கால் ஐயா. ஆம்லெட்தான் போடும்."

பதினைந்து கிலோமீட்டர் முடிவில் 23.8. பல்லி காரை ஓரங்கட்டினான். தன்னால் முடிந்தது இவ்வளவுதான், இருபத்தேழு எடுத்தவன் மனுஷனா பூனையா தெரியவில்லை, ஊருக்குள்ளேயே நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறான், அது மட்டும் நிச்சயம் என்றான்.

"ரெண்டு விஷயம் நிச்சயம்" என்றார் சர்வேயரம்மா. "கார் அன்னைக்கு ஊரைத் தாண்டல. ஓட்டினது புருஷன் இல்ல. அப்போ புருஷன் எங்க இருந்தான்?"

அவர் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, நீங்க ஓட்டுங்க. ஆபீசுக்குப் போயிடலாம்."

"நான் எதுக்கும்மா?"

"பல்லிக்குக் கால் வலிக்குது."

பல்லி தன் காலைக் குனிந்து பார்த்தான். "ஆமாங்கய்யா, காலையிலேர்ந்தே."

பெரியவர் இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தார். இருக்கையை இரண்டு பல் முன்னுக்குத் தள்ளினார். கண்ணாடிகளைத் திருப்பினார். ஏ.சி.யை அணைத்தார். நான்கு ஜன்னல்களையும் இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார். சர்வேயரம்மா கையை நீட்டிச் சராசரிக் கணக்கை அழித்தார்.

அதன் பிறகு கார் ஓடியதே தெரியவில்லை. நெரிசல் அவருக்காக வழிவிட்டது என்று சொல்ல முடியாது. வழி எப்போது திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த சிக்னலிலும் அவர் முழுசாக நிற்கவில்லை. நிற்கப்போகிற நேரத்தில் பச்சை விழுந்தது. முன்னால் போன பேருந்தின் வேகத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே மிதந்தார். திரையில் எண் இருபத்தைந்தைத் தாண்டியபோது பல்லி பின்னால் எழுந்து, முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினான். 'ச்சு' கொட்ட மறந்துவிட்டான்.

மேம்பாலத்துக்கு முன் பெரியவருடைய கண் ஒரு முறை திரைக்குப் போனது. எதற்காகத் தன்னை ஓட்டச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வேண்டுமென்றே ஆக்சிலரேட்டரை அழுத்தினார். இன்ஜின் உறுமியது. எண் இறங்கியது. ஆனால் அந்த அழுத்தம் பத்து விநாடிகூட நிற்கவில்லை. மேட்டின் உச்சி நெருங்கியதும் கால் தானாக எழும்பியது. கார் அந்தப் பக்கம் ஓசையில்லாமல் இறங்கியது. முப்பத்தோரு வருஷத்துக் கால் அது. எரிபொருள் சிக்கனத்துக்காக டிப்போவில் பதினோரு தடவை கேடயம் வாங்கிய கால்.

டயர் கடை வாசலில் நிறுத்தியபோது திரையில் 27.2.

யாரும் இறங்கவில்லை. சர்வேயரம்மா கோப்பிலிருந்து மூன்றாவது ரசீதை எடுத்தார். ஒன்பது லிட்டர் ரசீது. மேலிருந்து கீழாக மூன்று மடிப்புக் கோடுகள். விரித்து வைத்தாலும் அது தட்டையாக நிற்காமல் வில் மாதிரி வளைந்தது.

"வாட்சைக் காட்டுங்க ஐயா."

அவர் காட்டவில்லை. சர்வேயரம்மாவே அவருடைய இடது மணிக்கட்டிலிருந்து தன் துண்டுக் காகிதத்தை உருவி, விரித்து, ரசீதுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று மடிப்பு, அதே வளைவு.

"டேங்கை நிரப்பாம வண்டியை ஒப்படைக்க மாட்டீங்க, இல்லையா?"

"டிப்போ வழக்கம்" என்றார் பெரியவர். குரல் மாறவில்லை. "நிரப்பி, ரசீதும் சாவியும் ஒண்ணா கையில கொடுக்கணும். மாப்பிள்ளை அஞ்சு மணிக்கு நாற்சந்தியில வந்து வாங்கிக்கிட்டாரு."

பிறகு சொன்னார். செவ்வாய்க்கிழமை இரவு மருமகன் போன் செய்திருந்தார். சர்வீஸ் நிலையத்தில் தன் ஓட்டுதலைக் குறை சொல்லிவிட்டார்கள், நண்பர்களோடு பந்தயம் கட்டியிருக்கிறேன், உங்கள் கையில் எவ்வளவு கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும் மாமா என்றார். இவருக்கு ஓய்வுக்குப் பிறகு யாரும் வண்டி ஓட்டச் சொன்னதில்லை. மகளுக்கும் சொல்ல வேண்டாம், ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார் மருமகன். மறுநாள் எட்டு மணிக்கு நாற்சந்தியில் மருமகனிடம் காரை வாங்கி, வெளிவட்டச் சாலையும் ஆற்றோரச் சாலையுமாக ஒரு வட்டம் வகுத்துக்கொண்டு, அதிலேயே பதினோரு சுற்று சுற்றினார். பன்னும் பழமும் ஓட்டிக்கொண்டே தின்றார்.

அன்று இரவு பிணவறை வாசலில் மருமகன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வயிற்றில் ஒரு கட்டி, அதற்குப் பரிசோதனை செய்ய ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருந்தேன், அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் மனை பார்க்கப் போகிறேன் என்றேன், போலீசிடமும் அதையே சொல்லித் தொலைத்துவிட்டேன், இனிமேல் மாற்றிச் சொன்னால் என்னைத்தான் பிடிப்பார்கள், குழந்தை அநாதையாகிவிடும் என்றார். அதனால் இவர் வாயைத் திறக்கவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி?"

"கேக்கல."

"பரிசோதனையில என்ன வந்துச்சு?"

"அதையும் கேக்கல. எப்படிம்மா கேக்கறது?"

"எவ்வளவு தூரம் ஓட்டச் சொன்னார்?"

"இருநூத்தி நாப்பது."

"பந்தயம்னா நூறு கிலோமீட்டர்னு சொல்லுவாங்க. இல்ல, ஒரு டேங்க் தீர்ற வரைக்கும்னு சொல்லுவாங்க. அது என்ன இருநூத்தி நாப்பது?"

பெரியவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மனை இருக்கிற இடம் நூத்திருபது" என்றார் சர்வேயரம்மா. "போக வர எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க."

பல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சர்வேயரம்மா கையைக் காட்டி அடக்கினார்.

"அவனுக்குக் கார் ஓடினாப் போதும். எப்படி ஓடினாலும் கிலோமீட்டர் ஒண்ணுதான்னு நினைச்சான். வேற எவனையாவது ஓட்டச் சொல்லியிருந்தா பத்தொன்பது, இருபது கொடுத்திருக்கும். நானும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். உங்களை மாதிரி ஓட்டறவர் இந்த ஊர்ல இன்னொருத்தர் இல்ல ஐயா. அதுதான் அவனைக் காட்டிக் கொடுத்துச்சு. அதுவேதான் அவனை ஏழு நாள் காப்பாத்துச்சு."

ஆற்றோரச் சாலை மகளுடைய குடியிருப்பின் கீழேயே போகிறது. அதைச் சர்வேயரம்மா கேட்காமல் விட்டிருக்கலாம். அவர் விடுகிறவர் இல்லை.

"பதினோரு தடவை அந்த வீட்டைத் தாண்டியிருக்கீங்க. ஒரு தடவைகூட நிக்கலையா?"

"நிறுத்தாதீங்கன்னு சொல்லியிருந்தாரு. நிறுத்தி அணைச்சா இன்ஜின் ஆறிடும், மறுபடி சூடாகறதுக்குப் பெட்ரோலைத் தின்னும்னு. அது சரிதானே?" அவர் பல்லியைத் திரும்பிப் பார்த்தார். பல்லி தலையாட்டினான். "அஞ்சாவது சுத்துல ரொம்பத் தாகமா இருந்துச்சு. பொண்ணுகிட்ட ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போகலாம்னு இண்டிகேட்டர்கூடப் போட்டுட்டேன். திரையில இருபத்தேழு காட்டுச்சு. சரி, சாயந்தரம் பார்த்துக்கலாம்னு அணைச்சுட்டேன்."

"அப்போ மணி என்ன?"

பெரியவர் வாட்சைப் பார்த்தார், அதில் அந்த நேரம் இன்னும் இருப்பதுபோல.

"பதினொண்ணேகாலுக்கு மேல இருக்கும்."

குழாய்க்காரர் மணி அடித்தது பதினொன்று இருபதுக்கு. சர்வேயரம்மா கோப்பைத் திறந்து, 'பொய்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்த பக்கத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார். அவர் படித்தார். படிக்கிற கண்ணாடி கொண்டுவரவில்லை, காகிதத்தைத் தூரமாகப் பிடித்து, மெதுவாக, கடைசி வரி வரை படித்தார். கடையில் காற்றடிக்கும் இயந்திரம் இரண்டு தடவை ஓடி நின்றது.

"நான் அந்த ஆளை அடிச்சேன்" என்றார்.

"ஆமா."

"ரெண்டு தடவை வந்தா, பெட்டியோட. நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

சர்வேயரம்மா காரின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், திரும்பி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"ஸ்டேஷனுக்கு விடுங்க."

"நான் ஓட்டறேன் மேடம்" என்றான் பல்லி.

"வேண்டாம் தம்பி" என்றார் பெரியவர்.

ஸ்டேஷன் ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. வழியில் நான்கு சிக்னல்கள். அவர் ஒன்றிலும் திடீரென்று நிற்கவில்லை.

வாக்குமூலம் எழுத இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. உடந்தை என்று பெரியவர் மீதும் வழக்குப் பதியலாமா என்று இன்ஸ்பெக்டர் அரை மணி நேரம் மேலதிகாரிகளோடு போனில் பேசினார். பிறகு அவரை முதல் சாட்சியாக்கினார். நெரிசலற்ற நெடுஞ்சாலை பற்றிய வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். மருமகன் மாலை 5.15-க்கு அவருடைய அலுவலகத்தில் கைது செய்யப்பட்டார். காரைக் கொடுத்துவிட்டுக் காவலாளி கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குத் திரும்பினேன், மனைவி குழந்தையோடு நிரந்தரமாகப் போய்விடப்போவதாகச் சொன்னதால் செய்தேன் என்று மறுநாள் ஒப்புக்கொண்டார்.

குழாய்க்காரர் வெள்ளிக்கிழமை விடுவிக்கப்பட்டார். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இப்போது மடங்குவதில்லை. ரெஞ்சு பிடிக்க முடியாததால் வேறு வேலை தேடுகிறார். பெரியவர் அவர் வீட்டுக்கு ஒரு முறை போனார். கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தது.

பேத்தி தாத்தாவோடு இருக்கிறாள். பள்ளிக்கு இருவரும் நடந்தே போகிறார்கள். கார் வழக்குச் சொத்தாக ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கிறது. ஓடிய தூரம் 41,873 கிலோமீட்டர். ஜன்னல்கள் இரண்டு விரல் அளவுக்குத் திறந்தே இருக்கின்றன.